குடும்ப வன்முறை: மலையில் இருக்கும் பெண் முதலில் எங்கே போவது, என்ன கேட்பது

நீலகிரி மலையில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் வீட்டில் அடிவாங்கும் பெண்களிடம் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கேஸ் கொடுத்துட்டா ராத்திரி எங்கக்கா படுக்கிறது?" எஸ்டேட் தொழிலாளருக்குக் கொடுக்கும் லைன் வீடு கணவர் பெயரில் இருக்கும். தேயிலைத் தோட்டம் மாமனார் பெயரில் இருக்கும். அம்மா வீடு மேட்டுப்பாளையத்துக்குக் கீழே எங்கேயோ இருக்கும், அங்கே அண்ணன் குடும்பமே நெருக்கிக்கொண்டு இருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே பல பெண்கள் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. அடித்தவர் வெளியே போகலாம், நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்பது அதன் பெயர். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைப் பயன்படுத்த விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. கணவரை ஜெயிலுக்கு அனுப்பவும் வேண்டியதில்லை. "அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குப் பணம் கொடு" என்று நீதிமன்றத்தைச் சொல்ல வைப்பதுதான் இதன் முதல் வேலை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது யாரும் இரக்கப்பட்டுத் தரும் உதவி கிடையாது. அரசியலமைப்பு பெண்களுக்கு உறுதி கொடுத்திருக்கும் உரிமைகளைக் காக்கவே இந்தச் சட்டம் என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்குள் நடக்கும் அடி உதை மனித உரிமை மீறல் என்று உலக நாடுகள் பேச ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். ஆகவே அலுவலகத்தில் யாராவது "இது குடும்ப விஷயம்மா, வீட்டோட பேசித் தீர்த்துக்க" என்று சொன்னால், அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டே எதிரில் உட்காருங்கள்.

எது வன்முறை, யார் கேட்கலாம்

அடி உதை மட்டும் இல்லை. விருப்பமில்லாமல் உடலுறவுக்கு வற்புறுத்துவது, பிள்ளை இல்லை என்றோ பெண் பிள்ளையாகப் பெற்றாள் என்றோ குத்திக் காட்டுவது, குழந்தைகளைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவது, வரதட்சணை கேட்டுத் தொல்லை செய்வது எல்லாமே இந்தச் சட்டத்தில் வன்முறைதான். நம் மலையில் அதிகம் கண்டுகொள்ளப்படாதது பணம் சம்பந்தப்பட்ட வன்முறை. இலை பறித்த சம்பளம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, ஆனால் ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை வந்த அன்றே எடுத்துக் குடித்துவிடுகிறார். நகையை அடகு வைத்துவிட்டுச் சீட்டைக் கண்ணில் காட்டுவதில்லை. இதையெல்லாம் "ஆம்பளைங்க அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சட்டம் விடவில்லை.

மனைவி மட்டும் கேட்கலாம் என்பதும் தவறான நினைப்பு. மகன் அடிக்கும் தாய், அண்ணன் துரத்தும் தங்கை, கணவர் இறந்த பிறகு மாமியார் வீட்டில் துன்புறுத்தப்படும் பெண், திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்த பெண் எல்லோரும் கேட்கலாம். எந்த மதமானாலும் சரி. திருமணத்தைப் பதிவு செய்யாதது ஒரு தடை இல்லை. ஊர் வழக்கப்படி நடந்த படகர் கல்யாணமோ, பணியர், காட்டுநாயக்கர், தோடர் வழக்கப்படி நடந்த கல்யாணமோ, சான்றிதழ் இல்லாவிட்டாலும் ரேஷன் கார்டு, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, ஊரார் சாட்சி என்று காட்ட வழி உண்டு. எதிர்த் தரப்பில் கணவரோடு மாமியார், நாத்தனார் போன்ற பெண்களையும் சேர்க்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

முதலில் உயிர்

உடனடி ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. அடிபட்டிருந்தால் 108. உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனியின் சிக்னல் இருந்தால் 112 போக வாய்ப்பு உண்டு, அதனால் முயன்று பார்க்காமல் விடாதீர்கள்.

கீழ்நாட்டில் "ராத்திரியே கிளம்பி வந்துவிடு" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இங்கே பந்தலூர்ப் பக்கம் இருட்டில் நடந்தால் யானை, கோத்தகிரிப் பக்கம் கரடி, குன்னூர்ப் பக்கம் காட்டெருமை. மார்கழி, தை மாதக் குளிரில் கைக்குழந்தையோடு வெளியே நிற்பதும் ஆபத்துதான். அதனால் நிலைமை மோசமாகிறது என்று தெரிந்தால் ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்கிற ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள், அது அதே லைனில் இருந்தாலும் பரவாயில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்து வையுங்கள். நம்பிக்கையான ஒரு ஜீப் டிரைவர் அல்லது ஆட்டோக்காரர் நம்பரை ஒரு பெண் பெயரில் போனில் பதிந்து வையுங்கள்.

ஒரு பையில் ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக், பி.எஃப். எண், குழந்தைகளின் பிறப்புச் சான்றும் தடுப்பூசி அட்டையும், தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒரு ஸ்வெட்டர். பையை வீட்டில் வைக்க வேண்டாம், அந்தத் தெரிந்த வீட்டில் வையுங்கள். காயத்தைப் படம் எடுத்தால் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனில் அது அடித்தவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மிரட்டல் மெசேஜ், ஆடியோ எதையும் அழித்துவிடாதீர்கள். வேறு போனுக்கு அனுப்பியது நகல்தான், வந்து சேர்ந்த போனில் இருப்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் ஒரு வாக்கியம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பல வழக்குகள் தொடங்கும் முன்பே பலவீனமாகிவிடுகின்றன.

மலைப்பாதை, மழை, பாசி. அதனால் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பக்கத்திலேயே கணவரோ மாமியாரோ நிற்பார்கள், பெண்ணும் அதையே சொல்லிவிடுவார். அரசு மருத்துவமனையில் காயத்தோடு வருகிறவர்களுக்கு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்று ஒரு பதிவு போடுவார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று நீங்கள் சொல்வதைத்தான் டாக்டர் அதில் எழுதுவார். "வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று ஒரு தடவை எழுதிவிட்டால், ஒரு வருடம் கழித்து எதிர்த் தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

ஆகவே டாக்டரிடமோ நர்ஸிடமோ "தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். வாய்விட்டுக் கேட்க முடியாவிட்டால் பாத்ரூம் போவதாகச் சொல்லி நர்ஸைக் கூப்பிடுங்கள். பிறகு நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: யார், எதால், எங்கே அடித்தார், எப்போது. பழைய காயங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத்தான் போக முடிந்தது என்றால் அங்கே கொடுத்த சீட்டையும் பத்திரமாக வையுங்கள். புகார் இல்லை, போலீஸ் தாள் இல்லை என்று சொல்லி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. நடந்ததைப் பதிவு செய்யும் குடும்ப வன்முறை அறிக்கை அதுவரை போடப்படவில்லை என்றால், மருத்துவமனையே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு (அவர் யார் என்று கீழே சொல்கிறேன்) அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. பல இடங்களில் இது தெரியாது. நீங்கள் நினைவுபடுத்தினால் தவறில்லை.

ஏற்கெனவே வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டீர்களா? கதை அதோடு முடிந்துவிடவில்லை. பயந்து அப்படிச் சொன்னதை மனுவில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். எதிர்த் தரப்பு கண்டுபிடித்துக் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

யாரிடம் போவது

நான்கு கதவுகள் உண்டு, எதைத் தட்டினாலும் சரிதான்.

இந்தச் சட்டத்துக்காகவே நியமிக்கப்பட்டவர் பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூக நலத் துறையின் கீழ் இருக்கிறார். நடந்ததைக் கேட்டு, குடும்ப வன்முறை அறிக்கையை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவது, மனு போட உதவுவது, தங்குமிடம், மருத்துவம் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் கடமை. தகுந்த காரணம் இல்லாமல் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாமல் விட்டால் அவருக்கே தண்டனை உண்டு. உதகைக்குப் போக முடிந்தால் அங்கே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். இடம் தெரியாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் போய்க் கேளுங்கள். மஞ்சூரிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ உதகைக்கு வந்து போவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் முதலில் 181-இல் பேசி, யாரை எப்போது பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பழனி மலையில் இருப்பவர்களுக்கு மாவட்ட அலுவலகம் திண்டுக்கல்லில்தான். ஆனால் நீதிமன்றம் கொடைக்கானலிலேயே இருக்கிறது.

ஒருங்கிணைந்த சேவை மையம் என்று ஒன்று இருக்கிறது. 'சகி' என்றும் சொல்வார்கள். ஆலோசனை, சட்ட உதவி, மருத்துவம், ஐந்து நாள் வரை தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். குழந்தைகளோடு வெளியேறி வந்த பெண்ணுக்கு அந்த ஐந்து நாள் பெரிய விஷயம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறு விடுதிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது இலவச சட்ட உதவி. உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்பதாலேயே இலவச வக்கீல் கேட்கும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவிலும் கேட்கலாம்.

நான்காவது காவல் நிலையம். 1992-இல் சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியதிலிருந்து நம் பெண்களுக்கு இந்தக் கதவுதான் அதிகம் தெரியும். கொடும் அடி, கொலை மிரட்டல், வரதட்சணைக் கொடுமை என்றால் இங்கே வர வேண்டியதுதான். கணவரும் அவருடைய உறவினர்களும் செய்யும் கொடுமைக்கு முன்பு 498-ஏ என்றிருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 ஆக இருக்கிறது. எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் உங்களுக்கு என்னென்ன உரிமை என்று எடுத்துச் சொல்வதும் காவல் துறையின் கடமை.

பக்கத்து வீட்டுக்காரர், மேஸ்திரி, அங்கன்வாடி டீச்சர், யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டமே காப்புக் கொடுத்திருக்கிறது. சத்தம் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், படித்துக் காட்டாத எதிலும் கைநாட்டு வேண்டாம். ஊரில் சமாதானம் ஆனதால் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை போய்விடாது.

மனுவில் என்ன எழுதுவது

"கல்யாணம் ஆன நாளிலிருந்து கொடுமைப்படுத்துகிறார்" என்று மட்டும் எழுதினால், மனுவை விசாரிக்கும் நடுவர் (மாஜிஸ்திரேட்) எதைப் பிடித்துக்கொள்வார்? இப்படி எழுதுங்கள்: "போன வருடம் ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த மறுநாள் ராத்திரி, சம்பளப் பணத்தைக் கேட்டு, விறகுக் கட்டையால் இடது முழங்கையில் அடித்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து விலக்கினார். மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை." தேதி நினைவில்லை என்றால் பண்டிகை, குழந்தையின் பரீட்சை, மண்சரிவு வந்த வாரம் என்று எதையாவது அடையாளம் வைத்துச் சொல்லலாம். வேலைக்குப் போகாத நாள் எஸ்டேட் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) விடுப்பாகப் பதிந்திருக்கும், அதுவும் ஒரு ஆதாரம். முதல் தடவை, மிக மோசமான தடவை, கடைசித் தடவை, இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். மிகைப்படுத்த வேண்டாம். நடக்காத ஒன்றைச் சேர்த்தால், நடந்த பத்தும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

வெகுநாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். மனு போட ஒரு வருடம்தான் கெடு என்ற வாதத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்.

மனுவை நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலேயே போடலாம், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும். வயநாட்டில் வாக்கப்பட்டுக் கூடலூருக்குத் திரும்பி வந்த பெண் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எல்லா இடத்திலும் நீதிமன்றம் இருக்கிறது.

என்ன கேட்கலாம்: அடிக்கவோ, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு செய்யவோ, போனில் தொல்லை கொடுக்கவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு. வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்ற இருப்பிட உத்தரவு. மருத்துவச் செலவு, இழந்த கூலி, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தரப் பணம். குழந்தைகளைத் தற்காலிகமாக உங்களோடு வைத்துக்கொள்ளும் உத்தரவு. பட்ட வேதனைக்கு இழப்பீடு. உங்கள் நகை, சீர்ப் பொருள், சான்றிதழ் திரும்பக் கிடைப்பது. தேவையானதையெல்லாம் ஒரே மனுவில் கேட்டுவிடுங்கள்.

வீடு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமனார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பு "கணவர் பெயரில் இல்லையே" என்று சொல்லிப் பெண்களை வெளியேற்ற முடிந்தது. இது அந்த வீட்டைச் சொந்தமாக்கித் தரும் உரிமை இல்லை. சட்ட நடைமுறை இல்லாமல் உங்களை யாரும் வெளியே தள்ள முடியாது என்பதுதான் இதன் பொருள்.

லைன் வீடு கொஞ்சம் சிக்கல். டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைனோ தனியார் எஸ்டேட்டோ, வீடு கம்பெனியுடையது. குடியிருக்கும் உரிமை வேலைக்காரர் பெயரில். வீடு உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, கணவரை வெளியேறச் சொல்லிக் கேளுங்கள். அவர் பெயரில் என்றால், அவருக்கு இருக்கும் குடியிருப்பு உரிமையைக் காட்டி, உங்களைத் துரத்தக் கூடாது என்று உத்தரவு கேட்கலாம். கூடவே, அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ சொல்லிக் கேட்டு வையுங்கள், ஏனென்றால் அவர் வேலையை விட்டால் நிர்வாகம் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வீடு ஒதுக்கிய தாளின் நகல் எஸ்டேட் ஆபீஸில் கிடைக்குமா என்று பாருங்கள்.

ஒரு வரம்பு உண்டு. வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவைப் பெண்களுக்கு எதிராகப் போட முடியாது. மாமியார் அதே வீட்டில்தான் இருப்பார், ஆனால் உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று அவருக்கும் சேர்த்து உத்தரவு வாங்கலாம்.

நீதிமன்றத்தில்

மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதை மறைத்துப் பயனில்லை. அதனால்தான் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். ஆபத்து அவசரமானது என்று உங்கள் பிரமாணப் பத்திரத்தில் தெரிந்தால், எதிர்த் தரப்பு வரும் முன்பே நடுவர் உத்தரவு போடலாம். இந்த ஒரு வேலையை வக்கீல் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சமாக இருந்தால் மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள், கையெழுத்துப் போடும் முன்பு முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகல் இலவசம். நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒன்றை எஸ்டேட் ஆபீஸில் கொடுங்கள், ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். போனிலும் படம் எடுத்து வையுங்கள். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும், நாளைக்கே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாலும் அங்கேயும் அது உங்களைக் காக்கும்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். மீறினார் என்பதற்கு உங்கள் ஒருவருடைய சாட்சியமே போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் "நேற்றுத்தானே உத்தரவு வந்தது, ஒரு தடவை விட்டுப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். முதல் தடவையிலேயே 112-க்கு அழையுங்கள், நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உத்தரவு உங்களுக்குப் பாதகமாக வந்தால், அல்லது கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்றால், முப்பது நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் (நீலகிரிக்கு உதகையில்) மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் இலவச வக்கீல் உண்டு. தீர்ப்பு வந்த அன்றே சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.